வேர்ட்ஸ்வொர்த்தின் எட்டு வரிகள்: ஆறுதலா, கையறுநிலையா?

நெய்தல்:
ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் ஜெர்மனியின் கோஸ்லாரில் தங்கியிருந்தபோது எழுதி, ‘லிரிக்கல் பேலட்ஸ்’ கவிதைத் தொகுப்பின் 1800ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த ‘எ ஸ்லம்பர் டிட் மை ஸ்பிரிட் சீல்’ என்ற கவிதை பற்றிப் பேசலாம். பெயர் சொல்லப்படாத ஒரு பெண்ணைப் பற்றி எட்டே வரிகள். முதல் நான்கின் சாரம்: உறக்கம் ஒன்று என் உயிரை மூடியிருந்தது; மனித அச்சங்கள் எனக்கில்லை; மண்ணுலக ஆண்டுகளின் தீண்டலை உணர முடியாத ஒரு பொருளாக அவள் தோன்றினாள். அடுத்த நான்கு: இப்போது அவளுக்கு அசைவில்லை, விசையில்லை, கேட்பதுமில்லை, காண்பதுமில்லை, பாறை, கல், மரங்களோடு பூமியின் அன்றாடச் சுழற்சியில் சுற்றுகிறாள்.

என் வாசிப்பில் இது ஆறுதல் கவிதை. அவள் இயற்கையில் கலந்துவிட்டாள். கடைசிச் சொல்லே ‘மரங்கள்’, உயிருள்ளவை. விமர்சகர் பேட்சனும் இந்தப் பக்கம்தான்.

யாப்புக்கண்:
பேட்சனை அழைத்தால் எதிரே இன்னொரு விமர்சகர் கிளியந்த் ப்ரூக்ஸையும் நிறுத்த வேண்டும். மரம் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பது என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். எனக்கு அதைவிட முக்கியம் ஐந்தாம் வரி. ‘மோஷன்’ (அசைவு), ‘ஃபோர்ஸ்’ (விசை) இரண்டும் நியூட்டனின் இயக்கவியலில் புழங்கும் சொற்கள். அன்புக்குரியவளைப் பற்றிப் பேசும்போது இவை ஏன் வர வேண்டும்?

ஏழாம் வரியில் ‘டயர்னல்’, நீங்கள் ‘அன்றாட’ என்று சொன்னது. கவிதையில் மற்ற எல்லாச் சொல்லும் ஓரிரு ஒலியசைதான். மூன்று ஒலியசை உள்ளது இது ஒன்றே, அதுவும் லத்தீன் வழி வந்த வானியல் சொல். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கு அங்கே இடறும். உடனே பாறை, கல், மரம் என்று ஒற்றை ஒற்றையாக விழும் சொற்கள். தொண்டை அடைத்தவனின் பேச்சு அது.

இன்னொன்று. முதல் பத்தியில் ‘உணர முடியாத பொருள்’ என்றது புகழ்ச்சி. இரண்டாம் பத்தியில் அது அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டது. அவள் இறந்தாள் என்று எங்குமே சொல்லப்படவில்லை. இரு பத்திகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடத்தில் சாவு நடந்து முடிந்துவிடுகிறது.

நெய்தல்:
‘பொருள்’ பற்றிச் சொன்னது உறைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருளாகிப் போனவளைக் கவிஞர் கடைசிவரை ‘ஷீ’ என்றுதானே சொல்கிறார்? நம் இலக்கணத்தில் சொன்னால், உயர்திணை கைவிடப்படவில்லை. விமர்சகர் ஹெர்ஷ் 1960இல் பேட்சனையும் ப்ரூக்ஸையும் அருகருகே வைத்து எடைபோட்டார். அந்தக் காலத்து வேர்ட்ஸ்வொர்த்துக்குப் பாறையும் கல்லும் செத்த பொருள்கள் அல்ல, ஆகவே பேட்சன் வாசிப்பே கூடுதல் பொருத்தம் என்று முடித்தார்.

யாப்புக்கண்:
கவிஞரின் பொதுவான நம்பிக்கையைக் கொண்டுவந்து ஒரு கவிதையின் மேல் போர்த்துவது எனக்கு ஏற்பில்லை. அப்படிப் பார்த்தால், வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பரான கவிஞர் கோல்ரிட்ஜ் 1799 ஏப்ரலில் தன் நண்பர் தாமஸ் பூலுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கல்லறை வாசகம் என்கிறார். மனம் இருண்ட ஒரு வேளையில், வேர்ட்ஸ்வொர்த் தன் தங்கை டாரதி இறந்துபோவதைக் கற்பனை செய்திருக்கலாம் என்றும் ஊகிக்கிறார். டாரதி 1855 வரை வாழ்ந்தார் என்பது வேறு விஷயம்.

பெயர்ப்பாளர்:
இருவரும் ஏழாம் வரியின் முதல் சொல்லைத் தொடவே இல்லை. ‘ரோல்ட்’, அதாவது உருட்டப்பட்டு. தமிழாக்கத்தில் வழக்கு தீர்வது அங்கேதான். ‘சுழல்கிறாள்’ என்று எழுதினால் அவளே சுழல்வதாகிவிடும், நெய்தல் ஜெயித்துவிடுவார். ‘சுழற்றப்படுகிறாள்’ என்றால் உடல் உருட்டப்படுகிறது, யாப்புக்கண் பக்கம். ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு எச்சம். உருட்டுவது யார் என்று சொல்லப்படவில்லை. தமிழில் செய்யும் இரண்டு தவறுகள்: நடுவில் ‘மாண்டாள்’ என்று ஒரு வரி சேர்ப்பது, ‘டயர்னல்’ சொல்லுக்கு ‘தினமும்’ என்று போட்டு அந்த இடறலை மழுக்குவது. ‘நாட்சுழற்சி’ போன்ற சற்றே விறைப்பான சொல் வேண்டும். வினைக்கு ‘பாறை, கல், மரங்களோடு உருண்டபடி’ என்று எச்சமாக நிறுத்தலாம்.

யாப்புக்கண்:
‘நாட்சுழற்சி’ நன்று. ‘உருண்டபடி’ வேண்டாம், அதில் அவளே உருள்கிறாள். ‘உருட்டுண்டு’?

நெய்தல்:
‘உருட்டுண்டு’ என்றால் ஒரு கை தள்ளுவதுபோல இருக்கிறது. அந்த வரியில் பூமி தள்ளவில்லை, சுமக்கிறது.