சோதனை ஸ்கிரிப்ட் சில பக்கங்களை மட்டும் பிழை என்கிறது, அவசர உதவி தேவை

தஞ்சோங்_விளம்பரம் (பினாங்கு)
வணக்கம் நண்பர்களே. லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு நகைக்கடையின் தீபாவளி விளம்பரம் வெள்ளிக்கிழமை தொடங்க வேண்டும். விளம்பரம் ஏறுவதற்கு முன், அதைத் தொட்டால் திறக்கும் கடைத் தளப் பக்கங்களைத் தானாகச் சோதிக்க ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வைத்திருக்கிறேன். அது சில பக்கங்களைப் பிழை என்கிறது. நான் போய்ப் பார்த்தால் எல்லாமே நன்றாகத் திறக்கின்றன. நேற்று இரவெல்லாம் இதே வேலை. என்ன செய்வது? மிகவும் அவசரம்.

செந்தூல்வாசி
கூகுள் விளம்பரமா, ஃபேஸ்புக்கா? ஸ்கிரிப்ட் எங்கே ஓடுகிறது? பிழை எண் என்ன? 403 (அனுமதி இல்லை) என்றால் ஒரு காரணம், 404 (பக்கம் இல்லை) என்றால் வேறு காரணம். இவற்றைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது.

ஈப்போ_சாலை
ஃபயர்வால் (சர்வரின் காவல் மென்பொருள்) தான், சந்தேகமே வேண்டாம். கூகுள் ஆட்ஸ் ஸ்கிரிப்ட் என்றால் அது உங்கள் கணினியிலிருந்து பக்கத்தைக் கேட்பதில்லை, கூகுளின் சர்வரிலிருந்து கேட்கிறது. கடையின் சர்வர் அதை ரோபோ என்று மறித்துவிடும். பிரவுசரில் மட்டும் திறப்பதற்குக் காரணம் அதுவே. ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கூப்பிட்டு வழிவிடச் சொல்லுங்கள்.

பழைய_கை
இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகே ஸ்கிரிப்டைத் தொட வேண்டும், தம்பி. பக்கம் திறக்கிறதா என்பது மிக எளிய பகுதி. இடத் தேர்வைப் பார்த்தீர்களா? கூகுள் தானாக வைப்பது, அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மீது ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்க்கும் தேர்வு. மாற்றாமல் விட்டால், பினாங்குச் சுற்றுலாவைத் தேடும் வெளிநாட்டுக்காரருக்கும் உங்கள் நகை விளம்பரம் போகும், பணமும் போகும். தினசரி பட்ஜெட் 100 ரிங்கிட் என்று போட்டால் ஒரே நாளில் 200 வரை செலவாகலாம். மாத வரம்பு அந்த 100-இன் 30.4 மடங்கு. அதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரி. இவற்றை எல்லாம் உங்கள் ஸ்கிரிப்ட் பார்க்கிறதா? முதலில் உதவிப் பக்கங்களை முழுமையாகப் படியுங்கள்.

பட்டர்வொர்த்_அக்கா
ஐயா தந்த பட்டியல் நல்ல பட்டியல், நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் தம்பி கேட்டது வேறு. தம்பி, எந்தெந்தப் பக்கங்கள் தவறின, எவை தேறின? ஒவ்வொன்றையும் பெயரோடு எழுதுங்கள்.

தஞ்சோங்_விளம்பரம்
கூகுள் ஆட்ஸ். ஸ்கிரிப்ட் அந்தக் கணக்குக்குள்ளேயே ஓடுகிறது. முகவரிகளைக் கூகுள் ஷீட்டிலிருந்து எடுக்கிறது. தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது. பிழை எண் 404.
தவறியவை: தோடு, கொலுசு, மோதிரம்.
தேறியவை: வளையல், சங்கிலி, ஒட்டியாணம், பதக்கம், மூக்குத்தி.
முகவரிகள் தமிழிலேயே இருக்கின்றன, அது கடைக்காரரின் விருப்பம். விளம்பரங்களை இன்னும் ஏற்றவில்லை.

ஈப்போ_சாலை
404 என்றாலும் ஃபயர்வாலை ஒதுக்கிவிட முடியாது. சில சர்வர்கள் மறிப்பதைக் காட்டிக்கொள்ளாமல் 404 என்றே பதில் தரும்.

செந்தூல்வாசி
ரோபோவை மறிக்கும் ஃபயர்வால் வளையலுக்கு வழிவிட்டுத் தோட்டை மட்டும் எப்படி மறிக்கும்? எனக்கு முகவரியின் நீளத்தின்மீதுதான் ஐயம். வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு 200 இடம்தான் தருகிறது. தமிழில் ஒவ்வொரு குறியும் முகவரியில் விழுக்காட்டுக் குறிகளாக மாறி 9 இடத்தைப் பிடிக்கும். ஆக 22 குறிகளுக்கு மேல் போனால் மிச்சத்தை வெட்டிவிடும். முகவரிகள் நீளமானவையா?

தஞ்சோங்_விளம்பரம்
இல்லை. கடைசிப் பகுதி வெறும் "தோடு", வெறும் "கொலுசு". அவ்வளவுதான்.

பழைய_கை
தமிழில் முகவரி வைத்ததே கோளாறுக்கு வேர். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக இரண்டு வரிக்கு நீளும். மோசடி இணைப்பு என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள். ரோமன் எழுத்துக்கு மாற்றுங்கள், எல்லாம் தீரும்.

பட்டர்வொர்த்_அக்கா
இதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியும் முகவரி வேறு. அதில் 15 குறி கொண்ட இரண்டு பகுதிகளை நாமே விருப்பப்படி எழுதலாம். வாடிக்கையாளர் அந்த நீள முகவரியை விளம்பரத்தில் பார்க்கப்போவதே இல்லை. தன் கடைப் பக்கம் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். நம் வேலை வழி காண்பது, ஆசையைக் கைவிடச் சொல்வது அல்ல.

பழைய_கை
பணம் செலவாகும் இடத்தில் ஆசைக்கு இடம் தருவது சரியல்ல. கோலாலம்பூரில் பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்யும் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

செந்தூல்வாசி
பெரிய நிறுவனங்கள் செய்யாததால் அது தவறாகிவிடாது, ஐயா. யூனிகோட் எழுத்துகள் முகவரியில் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. வேண்டுமானால் இதற்கு ஒரு தனி இழை தொடங்குவோம்.

நிரல்_நேசன்
தவறியவை மூன்றையும் உற்றுப் பாருங்கள். தோ, கொ, மோ. தேறிய ஐந்தில் எதிலும் ஒகர, ஓகார உயிர்மெய் இல்லை. (ஒட்டியாணத்தில் இருப்பது தனி உயிரெழுத்து, அதற்கு இந்தச் சிக்கல் கிடையாது.)

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் "தோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். த-வுடன் ஓகாரக் குறி ஒன்று. அல்லது த-வுடன் இரட்டைக் கொம்பு தனியாக, கால் தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. சர்வருக்கு அவை வெவ்வேறு முகவரிகள், அதனால்தான் 404.

ஷீட்டில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நீளம் காட்டும் லென் வாய்ப்பாட்டைப் போட்டுப் பாருங்கள். "தோடு" 4 (த, ஓகாரக் குறி, ட, உகரக் குறி) என்று வர வேண்டும். 5 என்று வந்தால் அது பிரிந்த வடிவம். "கொலுசு" 6 வர வேண்டும், 7 வந்தால் அதே கதை.

இரண்டு கேள்விகள். பிரவுசரில் எப்படித் திறந்தீர்கள், கடைத் தளத்தின் மெனு வழியாகவா, ஷீட்டிலிருந்து ஒட்டியா? ஷீட்டுக்கு இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

தஞ்சோங்_விளம்பரம்
5, 7 என்றுதான் வருகிறது! மெனு வழியாகத்தான் திறந்தேன். இப்போது ஷீட்டிலிருந்து ஒட்டினால் பிரவுசரிலும் 404. கடைக்காரரின் மகன் நகைப் படங்களை ஒரு பழைய மேக் கணினியில் பெயரிட்டு அனுப்பினார். அந்தக் கோப்புப் பெயர்களைத்தான் ஷீட்டில் ஒட்டியிருக்கிறோம். தலைப்புகளிலும் சிலவற்றை 30 குறிக்கு மேல் போகின்றன என்று ஸ்கிரிப்ட் சொன்னது. எண்ணிப் பார்த்தால் போகவில்லை. அதுவும் இதனால்தானா?

நிரல்_நேசன்
அதுவும் இதனால்தான். மேக்கின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கிருந்து ஒட்டிய ஒவ்வொரு ஒகர, ஓகாரமும் ஒரு குறி கூடுதலாகக் கணக்காகும். உங்கள் ஸ்கிரிப்டின் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதில் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்தைக் கேளுங்கள், பிரிந்தவை சேர்ந்துவிடும்.

தஞ்சோங்_விளம்பரம்
ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டேன். எல்லாப் பக்கங்களுக்கும் 200 (சரியாகத் திறக்கிறது) என்றே பதில் வருகிறது. மிக்க நன்றி அண்ணன்! மாலையில் விளம்பரங்களை ஏற்றிவிடுகிறேன்.

பட்டர்வொர்த்_அக்கா
தம்பி, நில்லுங்கள், ஏற்றாதீர்கள். விளம்பரங்களும் அதே ஷீட்டிலிருந்துதானே ஏறப்போகின்றன? இப்போது ஸ்கிரிப்ட் முகவரியைத் தனக்குள் திருத்திக்கொண்டு சோதிக்கிறது. ஷீட்டில் பழைய முகவரி அப்படியே கிடக்கிறது. சோதனை பச்சை காட்டும், வாடிக்கையாளர் தோட்டைத் தொட்டால் 404 வரும். முன்பு ஸ்கிரிப்ட் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது அதன் வாயை அடைத்திருக்கிறீர்கள்.

திருத்தம் ஷீட்டில் இருக்க வேண்டும். சோதனை எதையும் திருத்தாமல், உள்ளதை உள்ளபடி கேட்க வேண்டும். முடிந்தால் விளம்பரங்களை நிறுத்திவைத்த நிலையில் ஏற்றி, ஷீட்டை விட்டுவிட்டு, ஏறிய விளம்பரத்திலிருந்தே இறுதி முகவரியை எடுத்துச் சோதியுங்கள். வாடிக்கையாளர் தொடப்போவது அதைத்தான்.

நிரல்_நேசன்
அக்கா சொல்வதே சரி. நார்மலைஸை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஷீட்டுக்கே உரிய ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு சிறு ஃபங்ஷனாக எழுதி, ஷீட்டின் அந்த நெடுவரிசையை ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள். சோதனையில் வேண்டுமானால் பிரிந்த குறி கண்ணில் பட்டால் எச்சரிக்கும் ஒரு வரி சேருங்கள்.

பழைய_கை
இந்த முடிவில் எனக்கும் உடன்பாடுதான். இன்னொன்றும் சேர்க்கிறேன். 200 வந்ததால் விற்பனைக் கணக்கு பதிவாகும் என்று பொருள் இல்லை. அந்த ஸ்கிரிப்ட் பக்கத்தின் மூலத்தை மட்டும் எடுக்கும், அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. விற்பனையைப் பதிவுசெய்யும் டேக் என்ற சிறு நிரல் உண்மையில் இயங்குகிறதா என்று பார்க்க, பப்பட்டியர் போன்ற ஒரு கருவியைக் கொண்டு பிரவுசரையே திறக்க வேண்டும். தமிழ் முகவரி பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.

செந்தூல்வாசி
தனி இழை தொடங்கிவிட்டேன், ஐயா. அங்கே வாருங்கள்.

ஈப்போ_சாலை
தம்பி, ஃபயர்வாலையும் ஒரு தடவை கேட்டுவையுங்கள்.

தஞ்சோங்_விளம்பரம்
ஷீட்டை மாற்றி, விளம்பரங்களை நிறுத்திவைத்து ஏற்றி, அவற்றிலிருந்தே முகவரிகளை எடுத்துச் சோதித்தேன். தோடு, கொலுசு, மோதிரம் மூன்றும் தேறிவிட்டன. டேக் சோதனை இன்னும் பாக்கி, இன்றிரவு பார்க்கிறேன். அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி.