முதலாண்டு மாணவர்களிடம் நிஜமான ஆய்வைக் கொடுக்கலாமா?

புதுவகுப்பு:
நுண்ணுயிரியல் கற்பிக்க வந்து இரண்டாம் வருடம். ஆய்வக வகுப்பில் கிராம் ஸ்டெயினிங், அதாவது பாக்டீரியாவுக்குச் சாயமேற்றி வகை பிரிக்கும் சோதனை, செய்ய வைக்கிறேன். என்ன நிறம் வரும் என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். வராவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து வரைந்துவிடுகிறார்கள். எனக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கொடுக்க ஆசை. பைப்பெட் பிடிக்கவே பழகாதவர்களிடம் அது எடுபடுமா?

அகார்தட்டு:
தாராளமாக எடுபடும். 11 வருடமாக முதலாண்டு மாணவர்களோடு பேஜ் தேடுகிறேன், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். ஆளுக்கொரு பிடி மண் கொண்டுவருவார்கள். திரவ ஊடகத்தில் குலுக்கி 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்தால் பாக்டீரியா மேலே தங்கிவிடும், பேஜ் கீழே இறங்கிவிடும். வடித்ததை மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்ற பாக்டீரியாவோடு சேர்த்து, டாப் அகார் என்ற இளகிய ஜெல்லியில் கலந்து தட்டில் ஊற்றி 37 டிகிரியில் வைப்போம். ஓரிரு நாளில் பாக்டீரியாப் படலத்தின் நடுவே தெளிந்த வட்டம் தெரிந்தால் பேஜ் இருக்கிறது.

ஒரு மாணவிக்கு ஆறு வாரம் ஒன்றுமே வரவில்லை. படலம் மட்டும் அழகாக வளர்ந்தது. மண்ணை மாற்றிக் கொடுக்க எனக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி அவளே பிடித்தாள்: ஸ்மெக்மாட்டிஸ் கட்டிகட்டியாகச் சேராமலிருக்க ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைப் போட்டு வளர்த்த குப்பியிலிருந்தே நேராக எடுத்திருக்கிறாள். ட்வீன் இருந்தால் பேஜ் செல்லில் ஒட்டாது. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! நான் பேஜுக்கு மதிப்பெண் போடுவதில்லை, குறிப்பேட்டுக்குத்தான்.

பழைய மாணவன்:
மேம் எங்களுக்கு முதல் நாளே ‘மடி’ (Muddy) என்ற பேஜின் கதையைச் சொன்னார். அழுகிய கத்தரிக்காயின் அடியிலிருந்து ஒரு மாணவி பிரித்தெடுத்தது. மருந்துக்கு அடங்காத மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்றோடு போராடிய 15 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த மூன்று பேஜ் கலவையில் அதுவும் ஒன்று. அவள் உடல்நிலை தேறியதை 2019இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதைக் கேட்டபின் நான் ஒரு தட்டைக்கூட அலட்சியமாக ஊற்றியதில்லை.

புதுவகுப்பு:
நன்றி மேம். இதில் உங்கள் சொந்த ஆய்வு நகருமா?

அகார்தட்டு:
மெதுவாக நகரும். முதல் கட்டுரைக்கு 4 வருடம் ஆனது. அதில் 9 மாணவர்களின் பெயர் இருக்கிறது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: மண் எடுத்த இடம், தேதி, ஆழம் மூன்றையும் அங்கேயே நின்று எழுதச் சொல்லுங்கள். முதல் வருடம் நான் அதைச் சொல்லவில்லை. அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த மூன்று பேஜும் எந்த மண்ணிலிருந்து வந்தவை என்று இன்றுவரை தெரியாது.