ஹாஷ் பொருந்திவிட்டால் அந்தக் கோப்பைப் பார்க்காமல் விடலாமா?

பாலக்கோடு சர்வீஸ்: ஒரு லேப்டாப்பில் லட்சக்கணக்கில் கோப்புகள் இருக்கும். வைரஸ் சந்தேகம் என்று கடைக்கு வந்தால் எல்லாவற்றையுமா நோண்ட முடியும்? அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் என்எஸ்ஆர்எல் என்ற பட்டியலை இலவசமாகத் தருகிறது. வெளிவந்த ஏராளமான மென்பொருள்களின் கோப்புகளுக்கான ஹாஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரியான குறியீடு, அதில் உண்டு. பொருந்தியதை ஒதுக்குங்கள், மிச்சத்தைப் பாருங்கள். வைரஸ் கோப்புக்கு எஸ்விசிஹோஸ்ட் என்று விண்டோஸின் சொந்தக் கோப்பின் பெயரை வைத்து ஏமாற்றலாம். உள்ளே ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓசூர் அட்மின்: அண்ணா, பொருந்தினால் அது இன்ன கோப்பு என்று தெரியும், அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. ஹேக்கிங் கருவிகளின் ஹாஷும் அதிலேயே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கினால் அதுவும் சேர்ந்து தப்பிவிடும். அப்புறம், ஹாஷ் கணக்கிடும் பழைய முறையான எம்டி5-ஐ விட்டுவிடுங்கள். ஒரே எம்டி5 உள்ள இரு வேறு கோப்புகளை 2004-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். 2012-ல் வெளிச்சத்துக்கு வந்த ஃபிளேம் என்ற உளவு வைரஸ், இந்த ஓட்டை வழியாகத்தான் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பத்தையே போலியாகப் போட்டது. ஷா-1 என்ற இன்னொரு ஹாஷ் முறையும் 2017-ல் அதேபோல் உடைந்தது.

பாலக்கோடு சர்வீஸ்: தம்பி, அந்த ஜோடிக் கோப்புகள் இரண்டையும் ஒரே ஆள் தயாரித்தால்தான் அது நடக்கும். ஏற்கெனவே வெளிவந்த விண்டோஸ் கோப்பின் எம்டி5-க்கு வேறொரு கோப்பைப் பொருத்த இன்றும் நடைமுறையில் வழியில்லை. கடைக்காரர்களைச் சும்மா பயமுறுத்தாதீர்கள்.

ஓசூர் அட்மின்: அது சரி. ஆனால் அதே பட்டியலில் இன்னும் உடையாத ஷா-256 முறை ஹாஷ் இருக்கும்போது பழசைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ஒன்று கவனியுங்கள்: கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டுத் தரும் விண்டோஸின் சர்ட்யுடில் கட்டளையில் ஷா-256 என்று கேட்காவிட்டால் ஷா-1-ஐத்தான் தரும். 40 எழுத்து வந்தால் ஷா-1, 64 வந்தால் ஷா-256.

காவேரிப்பட்டணம் வாசகி: பட்டியலில் இல்லாத கோப்புகளின் கதி என்ன சார்? எங்கள் மாங்கூழ் ஆலையின் சீசன் கணக்குக்கு உள்ளூர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருள் இருந்தது. தர்மபுரியில் ஒரு கடையில் அதைத் தெரியாத கோப்பு என்று அழித்துவிட்டார்கள். விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கியை எடைச் சீட்டுகளை வைத்து மறுபடி எழுதினோம்.

பாலக்கோடு சர்வீஸ்: அம்மா, அது பெரிய தப்பு. மிச்சத்தைப் பார்க்கத்தான் சொன்னேன், அழிக்க இல்லை. உள்ளூரில் எழுதிய எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது. உரிமையாளரைக் கேட்காமல், காப்பி எடுக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

ஓசூர் அட்மின்: இதில் நான் அண்ணன் பக்கம். எம்டி5 விஷயத்தில் மட்டும் விடமாட்டேன்.