குதிரைகளும் கடக்கும் நடைபாலம்: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு எலகங்காவுக்கு அப்பால், ஏரிக்கரைப் பாதையில் ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர் வடிகாலின் மேல் இருக்கும் சிறிய இரும்புப் பாலத்தை நடப்பவர்களும், சைக்கிளில் வருபவர்களும், அருகிலுள்ள சவாரிப் பள்ளியின் குதிரைகளும் பகிர்ந்துகொள்கிறோம். சென்ற மாதம் என் மகள் ஏறியிருந்த குதிரை, தளத்தின் இடைவெளி வழியே கீழே ஓடும் நீரைக் கண்டு நடுப்பாலத்தில் மிரண்டு நின்றுவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

வளர்ந்த குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோ; ஆளும் சேணமும் தனி. அந்த எடை நடக்கும்போது இரண்டு, மூன்று குளம்புகளில் மட்டுமே குவிகிறது என்பதால், மனிதர்களுக்காகப் போட்ட தளத்தகடு அதைத் தாங்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. கைப்பிடியோ இடுப்பளவுதான். அமெரிக்க வனத்துறையின் வழிகாட்டி 54 அங்குலமாவது வேண்டும் என்கிறது. பிரிட்டனின் குதிரை நல அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி 1.8 மீட்டரைப் பரிந்துரைக்கிறது. சேணத்தில் இருப்பவர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுவார் என்று எண்ணினால் இது மிகையாகத் தோன்றாது.

பாலத்தைச் சீரமைக்க உள்ளூர் நிர்வாகம் வாய்மொழியாக இசைந்திருக்கிறது. வரைபடத்தை நாங்கள்தான் தர வேண்டுமாம். எனவே, கட்டுமானப் பொறியாளர் எவரேனும் ஒரு ஞாயிறு காலை வந்து விட்டங்களைப் பார்த்துச் சொல்ல இயலுமா? மரப்பலகைகளைக் குறுக்கே நெருக்கமாகப் பதித்து மேலே ரப்பர் விரிப்பு போட எண்ணியிருக்கிறோம். மழைக்காலத்தில் அது வழுக்குமா, அடியில் ஈரம் தங்கிப் பலகை இற்றுப்போகுமா என்பதை, லாயத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். அளவுகளையும் படங்களையும் கேட்பவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.