எக்ஸ் கதிர் மூலத்துக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன்தான் அதன் இணையா?

பொகவந்தலாவை மாணவி:

வணக்கம். பேராதனையில் பௌதிகவியல் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக, ரோசாட் செய்மதி 1990, 1991 ஆண்டுகளில் வானம் முழுவதையும் அளந்து தந்த பிரகாசமான எக்ஸ் கதிர் மூலங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வானொலி அலையிலும் கட்புல ஒளியிலும் இணையாக உள்ள பொருள்களை, அதாவது அந்த எக்ஸ் கதிரைத் தரும் அதே பொருள் மற்றப் பட்டியல்களில் எது என்பதை, தேடி வருகிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருப்பதால் மேற்பார்வையாளரை நேரில் கேட்க முடியவில்லை. மழை பிடித்தால் இங்கே இணைய இணைப்பும் போய்விடும் என்பதால், கையா செய்மதியின் விண்மீன் பட்டியலில் என் மூலங்களைச் சுற்றியுள்ள துண்டுகளை மட்டும் தரவிறக்கி வைத்து, டாப்கேட் மென்பொருளில் வேலை செய்கிறேன்.

ஒவ்வொரு எக்ஸ் கதிர் மூலத்தையும் மையமாக வைத்து 30 வில் செக்கன் (ஒரு வில் செக்கன் பாகையில் 3,600இல் ஒரு பங்கு) ஆரையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் மிக அருகில் இருப்பதை இணையாக எடுத்தேன். கையாவில் ஏறத்தாழ எல்லா மூலங்களுக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கிறது. என்.வி.எஸ்.எஸ். வானொலிப் பட்டியலிலோ சிறு பகுதிக்குத்தான் இணை கிடைக்கிறது. கட்புல ஒளித் தேடல் நன்றாக அமைந்துவிட்டது, வானொலித் தேடல் பலிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதலாமா? எழுதினால், அந்த இணைகள் உண்மையானவை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்படும்போது எதைக் காட்டுவது?

வெலிமடை வானோக்கி:

தங்கை, அப்படி எழுதிவிட வேண்டாம். ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் இணை கிடைத்தது என்பதுதான் நீங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டிய செய்தி.

கையாவின் மூன்றாம் வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடிப் பொருள்கள் உள்ளன. வானத்தின் மொத்தப் பரப்பு 41,253 சதுர பாகை. வகுத்துப் பார்த்தால் சதுர பாகைக்குச் சராசரியாக 43,000க்கு மேல் வருகிறது. 30 வில் செக்கன் ஆரையுள்ள வட்டம் ஒரு சதுர பாகையில் ஏறத்தாழ 4,600இல் ஒரு பங்கு. ஆகவே எக்ஸ் கதிரே வராத ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டாலும், அதற்குள் சராசரியாக ஒன்பது பத்து விண்மீன்கள் இருக்கும். பால்வீதியின் தளத்தை விட்டு விலகினால் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறையும், தளத்தில் இன்னும் கூடும். எப்படியிருந்தாலும் "மிக அருகில் உள்ளது" என்பது அங்கே எதையும் நிரூபிப்பதில்லை. இரவில் எதிர்மலையிலிருந்து தப்பு மேள ஓசை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிற லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, எது என்று பார்த்து ஓசை வரும் இடத்தைச் சொல்லிவிட முடியாது, எல்லா லயத்திலும்தான் விளக்கு எரிகிறது.

என்.வி.எஸ்.எஸ். கதை வேறு. அதில் ஏறத்தாழ 18 இலட்சம் மூலங்கள்தான். சதுர பாகைக்கு ஐம்பதைச் சற்றுத் தாண்டும். அதே வட்டத்துக்குள் தற்செயலாக ஒரு வானொலி மூலம் வந்து விழுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றை ஒட்டியது. நீங்கள் பலிக்கவில்லை என்று நினைக்கிற அந்தச் சிறு பகுதியில் பெரும்பாலானவை உண்மையான இணைகளாகவே இருக்கும்.

இதை என் சொல்லை நம்பி எழுத வேண்டியதில்லை. உங்கள் எக்ஸ் கதிர் மூலங்கள் அனைத்தின் நிலையையும் வடக்கே 5 வில் நிமிடம், அதாவது 300 வில் செக்கன், நகர்த்தி, அந்தப் பொய்யான பட்டியலைக் கொண்டு அதே தேடலை மறுபடியும் செய்யுங்கள். பிறகு தெற்கே, கிழக்கே, மேற்கே. அப்போது கிடைக்கும் "இணைகள்" எல்லாம் தற்செயலானவை. அவற்றின் சராசரியை உண்மையான எண்ணிக்கையின் பக்கத்தில் எழுதிவிட்டால், ஆதாரம் கேட்பவருக்கு அந்த இரண்டு எண்களே பதில் சொல்லும்.

ஆரையைப் பற்றியும் ஒன்று. எல்லா மூலங்களுக்கும் ஒரே 30 வில் செக்கன் வைப்பது சரியில்லை. ரோசாட் பட்டியலில் ஒவ்வொரு மூலத்துக்கும் நிலைப் பிழை தனி நிரலில் தரப்பட்டிருக்கிறது. அதையும் மற்றப் பட்டியலின் பிழையையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதன் மூன்று மடங்கை ஆரையாக வையுங்கள். இன்னொன்று, என்.வி.எஸ்.எஸ். அளவீடு வான நடுவரைக்குத் தெற்கே 40 பாகையோடு நின்றுவிடுகிறது. அதற்கும் தெற்கே உள்ள உங்கள் மூலங்களுக்கு வானொலி இணை கிடைக்காததற்குக் காரணம், அங்கே யாரும் தேடவில்லை என்பதே. அவற்றை முதலில் நீக்கிவிட்டு வீதத்தைக் கணியுங்கள், அல்லது தென் வானத்துக்கு மொலோங்லோ தொலைகாட்டியின் சும்ஸ் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹற்றன் பௌதிகம்:

மேலே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதோடு, மூன்று பட்டியல்களையும் எந்த வரிசையில் இணைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். எக்ஸ் கதிரிலிருந்து நேரே கட்புல ஒளிக்குத் தாவாமல், வானொலியை இடையில் ஒரு படியாக வைத்துக்கொண்டால் வேலை எளிதாகிவிடும். பிரகாசமான வானொலி மூலத்தின் நிலை ஒரு வில் செக்கன் அளவுக்குத் துல்லியமானது. அங்கிருந்து 2 வில் செக்கன் ஆரையில் கையாவைத் தேடினால், வெலிமடை நண்பரின் அதே சராசரிப்படி, தற்செயலாக ஒரு விண்மீன் சிக்கும் வாய்ப்பு நூற்றில் நான்குதான்.

இந்த வழிக்குப் பழைய முன்மாதிரி உண்டு. சிக்னஸ் எக்ஸ்-1 மூலத்தின் நிலையை 1971இல் உஹூரு செய்மதி பல வில் நிமிட அகலமுள்ள ஒரு பகுதிக்குள் மட்டுமே குறுக்கித் தந்தது. அதற்குள் விண்மீன்கள் ஏராளம். அதே ஆண்டில் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த வானொலித் தொலைகாட்டிகள் அந்தப் பகுதிக்குள் ஒரு வானொலி மூலத்தைக் கண்டன. முன்பு அங்கே காணப்படாத அந்த மூலம், எக்ஸ் கதிரின் இயல்பு மாறிய அதே காலத்தில் தோன்றியிருந்தது. இரண்டும் ஒரே பொருள்தான் என்று சொல்ல நிலைப் பொருத்தத்தைவிட இது வலுவான சான்று. வானொலி நிலையில் நின்றது எச்.டி.இ. 226868 என்ற ஒன்பதாம் பருமன் (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) விண்மீன். அது 5.6 நாளுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றி வருவதைப் பிறகு நிறமாலையில் கண்டார்கள். முதன்முதலாகக் கருந்துளை என்று பரவலாக ஏற்கப்பட்டது அதுவே.

எக்ஸ் கதிரைப் பிடிக்க பீதுருதாலகால உச்சிக்கே ஏறினாலும் பயனில்லை, காற்று அதை உறிஞ்சிவிடும். ஆனால் அந்த விண்மீனை நல்ல இருட்டில் 10க்கு 50 பைனாகுலரில் பார்த்துவிடலாம். ஓகஸ்ட், செப்டெம்பர் முன்னிரவுகளில், ஈட்டா சிக்னி விண்மீனுக்குப் பக்கத்தில் தேடுங்கள். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் வானம் திறப்பது அரிது, வெலிமடைக்காரர்களுக்குத்தான் யோகம்.

பதுளைக் கணக்கன்:

ஹற்றன் சேர் சொன்ன படிமுறை அழகானது, ஆனால் அதை மட்டும் நம்பி ஆய்வை நடத்தினால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வானொலியில் பலமாகத் தெரிவது, பெரும்பாலும் தாரை பீச்சும் கருந்துளைகள்தான். கருந்துளை பொருளை விழுங்குவதால் ஒளிரும் தொலைதூர மண்டலக் கருக்களான குவேசார்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் வானொலியில் உரத்தது. ரோசாட்டின் பிரகாசமான மூலங்களில் கணிசமான பங்கு நமக்கு அருகிலுள்ள சாதாரண விண்மீன்களின் சூடான ஒளிவட்டங்கள் (கொரோனா எனப்படும் வெளி வளிமண்டலங்கள்), அவை என்.வி.எஸ்.எஸ். எல்லையான 2.5 மில்லி ஜான்ஸ்கி என்ற வானொலிப் பிரகாச அளவுக்கு வருவதே அபூர்வம். வானொலி இணை இல்லாதவற்றைக் கழித்துவிட்டால் இவை எல்லாம் போய்விடும்.

அவற்றுக்குப் பிரகாசத்தை வைத்துச் சோதியுங்கள். ஒரு விண்மீனின் ஒளிவட்டம் எவ்வளவு கொந்தளித்தாலும், அது எக்ஸ் கதிராக வெளியிடுவது அதன் மொத்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிடும். கணநேரச் சுடர்கள் இதற்கு விலக்கு. வட்டத்துக்குள் இருக்கும் 18ஆம் பருமன் விண்மீன் ஒன்று உங்கள் மூலத்தின் எக்ஸ் கதிரைத் தர வேண்டுமானால் தன் மொத்த ஒளியில் பத்தில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும் என்று கணக்கு வந்தால், எவ்வளவு அருகில் இருந்தாலும் அது சாதாரண விண்மீன் அல்ல: பொருளை ஈர்த்து விழுங்கும் இரட்டையோ தொலைவிலுள்ள விண்மீன் மண்டலக் கருவோ ஆக இருக்க வேண்டும், இல்லையேல் இணையே பொய். வானில் இரண்டுக்கும் உள்ள இடைத்தூரம், பிரகாசம், நிறம் மூன்றையும் சேர்த்து நிகழ்தகவாகக் கணிக்கும் என்வே என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் முதல் ஐம்பது மூலங்களையாவது கையால் கணித்துவிட்டு அதைத் தொடுங்கள்.

வானொலிப் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. தாரை பீச்சும் மண்டலத்தின் இரு பக்கமும் இரண்டு வானொலி மடல்கள் விரிந்து, நடுவிலுள்ள மண்டலம் வானொலியில் மங்கலாகவே தெரியலாம். பட்டியலில் இரண்டு மடல்களும் இரண்டு மூலங்களாகப் பதிவாகியிருக்கும். எக்ஸ் கதிரும் கட்புல ஒளியும் நடுவிலிருந்து வரும். சிக்னஸ் ஏ மண்டலத்தின் மடல்கள் இரண்டு வில் நிமிட இடைவெளியில் நிற்கின்றன, உங்கள் வட்டம் அவற்றைத் தொடவே தொடாது. விண்மீன் மண்டலக் கொத்துகளிலோ எக்ஸ் கதிர் வருவது இடையிலுள்ள சூடான வாயுவிலிருந்து. அங்கே ஒற்றை இணையைத் தேடுவதற்கே பொருளில்லை. மூலம் புள்ளியா பரந்ததா என்பதை ரோசாட் பட்டியலின் விரிவு நிரலில் பார்த்து, பரந்தவற்றைத் தனியே எடுத்து, அலடின் என்ற வான்பட மென்பொருளில் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

பொகவந்தலாவை மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. நகர்த்திப் பார்க்கும் சோதனையைத் தொடங்கிவிட்டேன். அலடினில் பார்க்கும்போது வேறொன்று தென்பட்டது. சில மூலங்களின் வட்டத்துக்குச் சற்று வெளியே பிரகாசமான செங்குறளி விண்மீன்கள் நிற்கின்றன. அவைதான் இணை என்று சிம்பாட் தரவுத்தளமும் சொல்கிறது. ஆரையைக் கூட்டினால் தற்செயல் இணைகள் பெருகிவிடுமே, இவற்றை எப்படி உள்ளே கொண்டுவருவது?

வெலிமடை வானோக்கி:

ஆரையைக் கூட்ட வேண்டாம், காலத்தைச் சரிசெய்யுங்கள். ரோசாட் அளந்தது பெரும்பாலும் 1990இன் பிற்பாதியில். கையாவின் மூன்றாம் வெளியீடு தரும் நிலைகள் 2016இன் தொடக்கத்துக்கு உரியவை. இடையில் 25 ஆண்டுகள். புரொக்சிமா சென்டோரி ஆண்டுக்கு 3.85 வில் செக்கன் நகர்கிறது என்பதால், அந்த இடைவெளியில் ஒன்றரை வில் நிமிடத்துக்கு மேல் இடம்பெயர்ந்திருக்கும். கையாவில் உள்ள சுய இயக்க (வானில் ஆண்டுதோறும் இடம்பெயரும் அளவு) நிரல்களைக் கொண்டு ஒவ்வொரு விண்மீனையும் ரோசாட் அளந்த காலத்துக்குப் பின்னோக்கி நகர்த்திவிட்டு, அதன் பிறகு இணையுங்கள்.

ஆனால் நீங்கள் தரவிறக்கி வைத்த துண்டுகள் 2016ஆம் ஆண்டு நிலையை வைத்து வெட்டப்பட்டவை. வேகமாக நகரும் விண்மீன்கள் அவற்றில் இருக்கவே மாட்டா. முழுவதையும் அகலமான ஆரையில் மறுபடி இறக்கினால் உங்கள் இணைப்புத் தாங்காது. ஆண்டுக்கு 0.2 வில் செக்கனுக்கு மேல் நகர்பவற்றை மட்டும் 5 வில் நிமிட ஆரையில் கேளுங்கள், கோப்பு சிறியதாகவே வரும். அதைவிட மெதுவானவை 25 ஆண்டில் 5 வில் செக்கனைத் தாண்டுவதில்லை. எல்லாவற்றிலும் வேகமான பார்னார்டின் விண்மீனே ஆண்டுக்கு 10.4 வில் செக்கன்தான் நகர்கிறது, ஆகவே 5 வில் நிமிடத்துக்கு வெளியே எதுவும் தப்பாது.