பூங்காச் சரிவில் பல்கலைக்கழகக் கட்டிடம்: வரலாமா, கூடாதா?

வரைபலகை: ஊட்டியில் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில், புல்லும் மரமுமாகப் பூங்கா மாதிரி கிடக்கிற சரிவில் வகுப்பறைக் கட்டிடம் வரலாமா என்று பேச்சு ஓடுகிறது. வரலாம் என்பது என் கட்சி. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அதன் போக்கிலேயே நீளமாகத் தூண்கள் மேல் நிறுத்தினால் மழைத்தண்ணீர் அடியில் தன்பாட்டுக்கு ஓடிவிடும். நீளப் பக்கமும் ஜன்னல்களும் தெற்கே பார்க்கட்டும். உறைபனி விழுகிற டிசம்பர், ஜனவரியில் வெயில் தெற்கே சாய்ந்துதான் வரும், பகலில் ஹீட்டரே தேவைப்படாது.

கேத்திக்காரன்: அண்ணா, தூண் சரி, தூணுக்குக் குழி தோண்ட பொக்லைன் போக வேண்டுமே, அந்த வழியை எங்கே வெட்டுவீர்கள்? அப்புறம் பார்க்கிங், செப்டிக் டேங்க், தீயணைப்பு வண்டிக்குப் பாதை, இதெல்லாம் தூண் மேலா நிற்கும்? 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே கொட்டி நிரவினால் அது இறுகாது, தண்ணீர் குடித்ததும் இறங்கிவிடும்.

வரைபலகை: குழியை ஆள் வைத்தே தோண்டலாம் தம்பி. வண்டி எல்லாம் கீழே ரோட்டோரம் நிற்கட்டும், மாணவர்கள் நடந்து ஏறட்டும். அங்கே இருப்பதும் பெரும்பாலும் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தான், இரண்டுமே வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை. எடுத்துவிட்டு இந்த மலைக்கே உரிய சோலை மரம் வைத்தால் காட்டுக்கும் நல்லது.

கோத்தகிரி டீச்சர்: சீகையை ஒரேயடியாக வெட்டினால் சில வருடத்தில் வேர் மக்கி, பிடிப்பு போய் மண் இளகும். சோலை மரமோ மெதுவாகத்தான் வளரும். இடைப்பட்ட மழைக்காலங்களில் அந்தச் சரிவை எது பிடித்து நிற்கும்? இன்னொன்று, 1993 மாஸ்டர் பிளானில் உயரத்துக்கு 7 மீட்டர் என்று கட்டு வைத்தார்கள். மேலே எழுப்ப முடியாத கட்டிடம் பக்கவாட்டில்தான் பரவும், அவ்வளவு புல்தரையும் போகும். கட்டிடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளாகத்தில் ஏற்கெனவே சமப்படுத்திய இடங்கள், பூட்டிக் கிடக்கிற பழைய கட்டிடங்கள் இருக்கின்றன, முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். அந்தக் காலக் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கிறதே! பழைய சுவரைக் காப்பாற்றினால், மேட்டுப்பாளையத்திலிருந்து சிமென்டும் கம்பியும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற லாரிகளாவது குறையும்.

வரைபலகை: டீச்சர், பழைய பங்களா அறைகள் சின்னவை. அறுபது பேர் வகுப்புக்கோ ஆய்வகத்துக்கோ போதாது, நடுச்சுவரை இடித்தால் கூரை நிற்காது. பிள்ளைகள் இப்போது தகரக் கூரைக்குக் கீழே குளிரில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதையும் பாருங்கள்.

கேத்திக்காரன்: அப்படியானால் ஆய்வகம் மட்டும் புதிதாக, பழைய பார்க்கிங் தளத்தில். சரிவைத் தொடுவதாக இருந்தால் ஜூன் மழை, அக்டோபர் மழை இரண்டிலும் தண்ணீர் எங்கே ஊறி எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துக் குறித்த பிறகுதான் வரைபடமே போட வேண்டும். வெயில் காலத்தில் வந்து அளந்து போகிறவர் கையெழுத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வரைபலகை: ஒரு வருடம் தள்ளிப்போகும். சரி, பார்க்கிங் தளத்தின் அளவு யாரிடமாவது இருந்தால் போடுங்கள், ஆய்வகம் அடங்குமா என்று வரைந்து பார்க்கிறேன். வகுப்பறைக்குச் சரிவுதான் என்பதில் நான் மாறவில்லை.