கடலோர வீட்டு முற்றத்துல பேவர் கல்: நேர்ல பார்த்ததைப் பகிருங்க

மண்டபம் கொத்தனார்:
தங்கச்சிமடத்துல ஒரு வீடு. 2024 நவம்பர் மழை வடிஞ்சதும் முற்றத்தைப் பார்க்கக் கூப்பிட்டாங்க. சிமெண்டுல வார்த்த பேவர் கல், ஜிக்ஜாக் வடிவம், 60 எம்.எம். கனம், கல்லுல ஒரு குறையும் இல்ல. மாடித் தண்ணி குழாய் விழுற மூலையில மட்டும் லேசா பள்ளம். கடப்பாரை நுனியால ஒரு கல்லை நெம்பி எடுத்தா, கீழ மணிக்கட்டு வரைக்கும் கை போகுது. மண்ணே கிடையாது. கல்லுங்க ஒண்ணையொண்ணு கவ்விக்கிட்டு அந்தரத்துல நிக்குது. அதுமேல பிள்ளைங்க சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகல.

காம்பவுண்டுக்குள்ள கிடந்த கடல்மண்ணையே கொத்தி, மட்டம் பார்த்து, கல்லை அடுக்கிட்டாங்க. நம்ம கரை மண்ணு எல்லாம் ஒரே அளவு பொடி. பெருசும் சிறுசும் கலந்திருந்தாத்தான் மண்ணு இறுகும். இது இறுகாது, ஓடுற தண்ணி கிடைச்சா அதோட கிளம்பிடும். கல்லுக்கு அடியில 4.75 எம்.எம். சல்லடையில சலிச்ச எம் சாண்ட்தான் போடணும். உதிரியா 40 எம்.எம். பரப்பினா, இறுக்குற மிஷின் ஓட்டுனதும் 30 கிட்ட வந்து நிக்கும்.

உச்சிப்புளி பேவர் வேலை:
அண்ணே, மண்ணு மேல மட்டும் பழி போடாதீங்க. அசையாம அடைச்சு வெச்சா கடல்மண்ணும் நல்லா பாரம் தாங்கும். அந்த வீட்டுல குத்தம் அடித்தளமே போடாததும், மாடித் தண்ணிக்கு வழி விடாததும்தான்.

நானும் பெரியபட்டினம் பக்கம் ஒண்ணு பார்த்தேன். அங்க மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவுல பழைய தார்ப்பாயை விரிச்சிருந்தாங்க. கல்லைத் தூக்கினா தார்ப்பாய் மேல மழைத்தண்ணி குளமா நிக்குது, மேல போட்ட மணல் கூழாகிக் கிடக்கு. வேற சிலர் பழைய வலையை விரிக்கிறாங்க, அதுல மண்ணு தாராளமா ஏறி வரும். போட வேண்டியது நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணி. தண்ணியை விடும், மண்ணை விடாது. ஓரத்துல ஒரு அடி ஒண்ணுமேல ஒண்ணு ஏறணும்.

வரிசை இதுதான்: 10 அங்குலம் தோண்டி, நல்லா தண்ணி விட்டு, பிளேட் காம்பாக்டர், அதான் தட்டி இறுக்குற மிஷின், ஓட்டு. துணி விரி. அதுமேல ஜல்லியும் டஸ்டும் (கல்லுப்பொடி) கலந்த வெட்மிக்ஸை ரெண்டு தடவையா பரப்பு, ஒவ்வொரு தடவையும் நனைச்சு ஓட்டு. ஒரே தடவையா கொட்டி ஓட்டினா மேல மட்டும்தான் இறுகும். 6 அங்குலம் இறுகி நிக்கணும்னா 100 சதுர அடிக்கு 60 கன அடிக்குக் குறையாம வேணும். தண்ணி ஓடுற சரிவு, அதான் வாட்டத்தை, இந்த அடித்தளத்துலயே கொடுத்திடணும், 10 அடிக்கு 2 அங்குலம், வீட்டுச் சுவரை விட்டு விலகி. மேல் மணலைக் கூட்டிக் குறைச்சு வாட்டம் எடுத்தா, மணல் கனமா இருக்கிற பக்கம் ஒரே மழைக்காலத்துல இறங்கிடும்.

கீழக்கரை:
நீங்க ரெண்டு பேரும் பேவரையே பேசுறீங்க, செங்கல் முற்றத்தை யாரும் சொல்லல. எங்க தெருவுல ஒரு காக்கா (அண்ணன்) வீட்டுல நாட்டுச் செங்கலைப் படுக்கையா பதிச்சிருந்தாங்க. பார்க்க அவ்வளவு அழகு. கோடையில போய்க் குனிஞ்சு தொட்டா மேல்தோல் அப்பளமா உரிஞ்சு விரல்ல வருது, அடியில வெள்ளைப் பூப்பு. நிலத்தடி உப்புத்தண்ணி செங்கல் வழியா ஏறி, மேல வந்து காயும்போது உப்பு செங்கலுக்குள்ளயே கட்டியாகித் தோலைப் பிளக்குது. தினமும் போர் தண்ணியில கழுவியிருக்காங்க, அதுலயும் உப்பு.

இங்க பலபேர் ரெண்டு வெள்ளையைக் குழப்பிக்கிறாங்க. புதுப் பேவர்ல வர்ற வெள்ளை பெரும்பாலும் சிமெண்டுல இருந்து வர்ற சுண்ணாம்பு. நல்ல தண்ணி ஊத்தினா கரையாது, கொஞ்ச மாசத்துல மழையிலயும் வெயில்லயும் மங்கிடும். உப்புப் பூப்பு நல்ல தண்ணியில உடனே கரையும், காஞ்சா திரும்ப வரும். உப்பா இருந்தா முதல்ல காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சுக் கூட்டி அள்ளணும். தண்ணி ஊத்தினா உப்பு கரைஞ்சு உள்ளதான் போகும். கக்கூஸ் ஆசிட் ஊத்துறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. கல்லோட சிமெண்டையும் கலரையும் சேர்த்து அரிச்சிடும்.

ஏர்வாடி காண்ட்ராக்ட்:
எல்லாம் சரி. ஆனா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல வெறும் மணல் போடுறது நம்ம ஊருக்கு ஒத்து வராது. வாலிநோக்கம் போற வழியில ஒரு வீட்டுல பார்த்தேன், கச்சான் காத்து (தென்மேற்குப் பருவக்காத்து) அடிச்ச ஒரே பருவத்துல இடுக்கு மணல் அரை அங்குலம் பறந்து போச்சு. கல்லு கால் வெச்சா ஆடுது. சிமெண்ட் கலந்து பூசிட்டா வேலை முடிஞ்சது.

உச்சிப்புளி பேவர் வேலை:
முடியாது அண்ணே. அப்படிப் பூசின இடுக்கு ஒவ்வொண்ணும் கல்லு ஓரமா முடிக்கீறல் விட்டிருக்கும், குனிஞ்சு பாருங்க. கல்லு அசையுறதுக்கு ஏத்த மாதிரி சிமெண்ட் அசையாது. அந்தக் கீறல்ல தண்ணி இறங்கும், ஏறி ஆவியாக வழி இருக்காது. அப்புறம் ஒரு கல்லு இறங்கினாலும் உடைச்சுத்தான் எடுக்கணும். பேவர் போடுறதோட லாபமே கழட்டி மாட்டலாம்ங்கிறதுதான்.

அரை அங்குலம் பறந்துச்சுன்னா முதல்லயே சரியா நிரப்பல. இடுக்கு 2லிருந்து 4 எம்.எம். இருக்கணும். மணல் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், ஈரமா இருந்தா வாயிலயே அடைச்சுக்கிட்டு உள்ள காலியா நிக்கும். முதல்ல மணல் இல்லாம ஒருதடவை மிஷின், கல்லு கீழ மணல்ல அமரும். அப்புறம் பொடிமணலைக் கூட்டித் தள்ளி மறுபடி மிஷின், இறங்க இறங்க இன்னும் தள்ளு. மிஷின் தட்டுக்கு அடியில ரப்பர் மேட் கட்டுங்க, கலர் கல்லு முனை உடையாது. மழைக்காலம் முடிஞ்சு தையில ஒருதடவை, கச்சான் ஓஞ்சதும் ஒருதடவை நிரப்பினா போதும்.

சாயல்குடி:
யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். கல்லு வாங்குறப்பவே பாதிப்பேர் ஏமாறுறாங்க. பளபளன்னு மின்னுறது ரப்பர் மோல்டுல ஊத்தின கல்லு. ஈரத்துல வழுக்கும், பாத்திரம் கழுவுற பக்கம் போடவே கூடாது. பேவர் கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 15658 படி கல்லு குடிக்கிற தண்ணி சராசரியா 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உப்புக் காத்துல இது ரொம்ப முக்கியம், குடிக்கிற கல்லுதான் அரிக்கும். 200க்கு 100 எம்.எம். அளவு, 60 எம்.எம். கனமுள்ள கல்லு ஒண்ணு ஏறக்குறைய 2.75 கிலோ இருக்கும். சில கல்லை நல்லா காயவெச்சு எடை போட்டு, 24 மணி நேரம் ஊறப்போட்டு, மேல்தண்ணியைத் துடைச்சிட்டு மறுபடி போடுங்க. சராசரியா கல்லுக்கு 165 கிராமுக்கு மேல ஏறியிருந்தா அந்த லோடை இறக்கவே விடாதீங்க. வீட்டுத் தராசே போதும்.

எண்ணிக்கை, 100 சதுர அடிக்கு இந்த அளவு கல்லு 465, வெட்டுக்கும் உடைசலுக்கும் 25 கூட. இன்னொரு 20 கல்லை வாங்கி மூலையில வெச்சிருங்க, அடுத்த வருஷம் அதே கலர் கிடைக்காது. கார் ஏறுற இடத்துல வரிசையா அடுக்காம ஹெரிங்போனா, மீன்முள் மாதிரி மாத்தி மாத்தி வையுங்க, சக்கரம் திரும்புற இடத்துல நகராது. தென்னைக்குத் தூர்லயிருந்து 3 அடி வட்டம் விடுங்க. கோரை முளைச்சா மேல பிடுங்கிப் பயனில்ல. கல்லை எடுத்து, கிழங்கைத் தோண்டி எறிஞ்சுட்டு, மணல் பரப்பித் திரும்ப வையுங்க.

மண்டபம் கொத்தனார்:
ஒண்ணு விட்டுட்டீங்க, ஓரக்கட்டு. அந்த தங்கச்சிமடத்து வீட்டுல அதுவும் இல்ல, மண்ணு வெளியேறினது அந்த வழியாத்தான். சுத்திலும் கெர்ப் கல்லு (ஓரத்துல நடுற கல்லு) நட்டு, வெளிப்பக்கம் 1:2:4 கான்கிரீட்டை (சிமெண்ட், மணல், ஜல்லி) சரிவா அணைச்சுப் போடணும், கெர்ப் உயரத்துல பாதி வரைக்கும். பேவர் அடுக்குறதுக்கு முன்னாடியே அது இறுகியிருக்கணும். பலமா இருக்கட்டும்னு உள்ள கம்பி வைக்கச் சொல்லுவாங்க, கேட்காதீங்க. உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சு ஊதி, கெர்ப்பையே பிளந்துடும். வெறும் கான்கிரீட்டே போதும்.

ஏர்வாடி காண்ட்ராக்ட்:
கம்பி விஷயத்துல ஒத்துக்கிறேன். இடுக்கு விஷயத்துல இல்ல.